ஜெபக் குறிப்பில் என் பெயர்

அன்று நான் கை தூக்கினேனா?

இருபத்தைந்து வருடமாக இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தூக்கினேன் என்று அப்பா சொல்கிறார். சபையில், உறவில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். "ஒரு வருஷம் கென்யாவுக்கு ஊழியத்துக்குப் போகலாமான்னு பிள்ளைங்களைக் கேட்டேங்க. இவளுக்கு அப்போ ஒன்பது வயசு. யோசிக்கவே இல்லை. டக்குனு கையத் தூக்கிட்டா!" சொல்லும்போது அவருடைய கையும் மேலே போகும்.

எனக்கு அந்த மதியம் நினைவிருக்கிறது. சனிக்கிழமை. பொன்மலை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கருவாட்டுக் குழம்பு. தம்பிக்கு ஐந்து வயது. முள் இருக்கிறதா என்று ஒவ்வொரு வாயையும் அம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் சாப்பிடுவான். ரயில்வே பணிமனையில் சங்கு ஊதியது. எல்லாம் இருக்கிறது. என் கை மட்டும் அந்த நினைவில் இல்லை.

நம்மைப் போன்ற வீடுகளில் வளர்ந்து, இப்போது பிள்ளை வளர்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம்மைப் போன்ற வீடு என்றால் உங்களுக்குப் புரியும். ஃபிரிட்ஜ் கதவில் யாரோ ஓர் ஊழியக்காரர் குடும்பத்தின் படம் ஒட்டியிருக்கும். சாப்பிடும் முன் அவர்கள் பெயரைச் சொல்லி ஜெபிப்போம். அந்தப் படத்தில் அப்பா, அம்மா சிரிப்பார்கள். பிள்ளைகள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். ஒரு வருடம் அப்படிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றவள் நான்.

இதையெல்லாம் எழுதலாமா, அப்பா படித்தால் என்ன ஆகும் என்று மூன்று முறை எழுதிக் கிழித்தாயிற்று. இந்த முறை கிழிக்கப் போவதில்லை.

இப்போது எழுதக் காரணம் உண்டு. என் கணவரும் கல்லூரி ஆசிரியர். அவருக்கு ஒரு வருட விடுப்பு கிடைத்திருக்கிறது. நாங்கள் அன்று கென்யாவில் போன அதே மலை, அதே மிஷன் பயிற்சி மையம், குடும்பத்தோடு வந்து ஒரு வருடம் உதவ முடியுமா என்று அவரைக் கேட்டிருக்கிறது. விண்ணப்பம் நான்கு பக்கம். மூன்று பக்கங்களை அவர் நிரப்பிவிட்டார். நான்காம் பக்கம் என்னிடம் இருக்கிறது. 'ஒவ்வொரு பிள்ளைக்குமான ஜெபக் குறிப்புகள்' என்று தலைப்பு. கீழே ஐந்து கோடுகள். எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கும் ஒன்பது வயது.

அப்பா கல்லூரியில் கணக்கு ஆசிரியர். அப்படி ஒரு வருட விடுப்பு கிடைத்தால் மற்றவர்கள் ஆராய்ச்சி செய்வார்கள், புத்தகம் எழுதுவார்கள். அப்பாவுக்கு ஒரு பொருத்தனை இருந்தது. தம்பி குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, இவன் பிழைத்தால் என் வாழ்நாளில் ஒரு வருடம் உமக்கு என்று ஆண்டவரிடம் சொல்லியிருந்தார். தம்பி பிழைத்தான். பிழைத்தவன் மிட்டாய் கேட்டு அழும் வயது வரும்வரை அந்தப் பொருத்தனை அப்பாவை உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அம்மா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டாள்.

வழியனுப்பு ஆராதனையில் எங்கள் நால்வரையும் பீடத்தின் முன் நிற்க வைத்தார்கள். ஆயர் தலையில் கை வைத்து ஜெபித்தார். அம்மாவுக்குப் போர்த்திய பொன்னாடை வழுக்கி வழுக்கி விழுந்தது. கும்பிட்ட கையை எடுக்காமலே முழங்கையால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்ததும் பெட்டி கட்டினோம். புளி, மிளகாய்த்தூள், இட்லித் தட்டு. என் பங்குக்கு நான் எடுத்துவைத்தது பொன்மலைச் சந்தையில் வாங்கிய நீலக் கட்டம் போட்ட போர்வை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தது. அதை மூக்கில் வைத்துக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அந்த மலையைப் பற்றி நல்லதையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நியாயம் இல்லை. சிவப்பு மண், மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். சரிவு முழுக்கத் தேயிலை. திருச்சி வெயிலில் வளர்ந்த எங்களுக்கு வாயைத் திறந்தால் புகை வருவது பெரிய வித்தை. தம்பியும் நானும் குச்சியை வாயில் வைத்து சிகரெட் பிடிப்பதுபோல ஊதுவோம். வேறு நாடுகளுக்கு ஊழியத்துக்குப் போகிறவர்கள் அங்கே வந்து பயிற்சி எடுப்பார்கள். ஏறக்குறைய அறுபது பேர். பாதி மொழிகள் எனக்கு விளங்காது. ஆனால் மாலையில் பந்து வந்துவிட்டால் மொழி தேவைப்படவில்லை. நான் அங்கேதான் சைக்கிள் கற்றேன். அங்கேதான் முதன்முதலாக ஒரு மரத்தில் உச்சி வரை ஏறினேன். ஏறாதே என்று சொல்ல அங்கே அத்தை, சித்தி யாரும் இல்லை.

பெரியவர்களுக்கு அது அப்படி இல்லை என்பது இப்போது தெரிகிறது. வகுப்பில் நின்றால் பின்வரிசை வரை குரல் எட்டும் அப்பாவுக்கு அங்கே கிடைத்த வேலை, நூலகத்துப் புத்தகங்களின் முதுகில் எண் எழுதுவது. ஒரு சின்ன பிரஷ், ஒரு புட்டி கறுப்பு மை. அம்மா மையத்தின் சிற்றாஸ்பத்திரியில் வேலை இருக்கும் என்று நம்பிப் போனாள். அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். குடும்பமாக வருகிறவர்களின் மனைவிமார் சமையற்கூடத்தில் உதவுவதுதான் அந்த மையத்தின் வழக்கம். பதினொரு வருடம் ஊசி போட்ட கை அறுபது பேருக்கு உருளைக்கிழங்கு சீவியது. "ஊழியம்னா எல்லாமே ஊழியம்தான்" என்று அப்பா சொன்னார். அம்மா கத்தியைத் துடைத்தபடி, "அப்ப நாளைக்கு நீங்க வந்து சீவுங்க. நான் போய் எண் எழுதறேன்" என்றாள். அப்பா அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

சமையற்கூடத்துக்குப் பொறுப்பாக ஓர் அம்மா இருந்தார். அந்த ஊரில் மூத்த பெண்களை 'மாமா' என்றுதான் அழைக்க வேண்டும். முதல் நாள் தம்பி, "மாமா பாவாடை கட்டியிருக்காங்க" என்று விழுந்து விழுந்து சிரித்து அம்மாவிடம் அடி வாங்கினான். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் அதிகம் வராது. யாருக்கு என்ன துன்பம் வந்தாலும் "போலே" என்று ஒரு சொல் சொல்வார். கல்லில் கால் இடித்தால் போலே. பால் பொங்கி வழிந்தால் போலே. ஐயோ பாவம், உனக்கு இப்படி ஆயிற்றே என்று பொருள். அதற்கு மேல் ஏன், எப்படி என்று கேட்க மாட்டார்.

போய் ஒரு மாதத்தில் எனக்குப் படுக்கை நனையத் தொடங்கியது. நான்கு வயதில் நின்றுபோன பழக்கம், ஒன்பது வயதில் திரும்பி வந்தது. நான் அதை இங்கே தைரியமாக எழுதுகிறேன் என்றால், இது என்னுடையது, சொல்ல வேண்டியவள் நான் என்பதால்தான்.

காலையில் அம்மா என் நீலக் கட்டம் போர்வையை ஐஸ் தண்ணீரில் அலசிப் பிழிந்து வீட்டுக்குப் பின்னால் கொடியில் போடுவாள். அந்த மலையில் எதுவும் சீக்கிரம் காயாது. மதியம் வரைக்கும் அது கொடியில் தொங்கும். வகுப்புக்குப் போகிற அறுபது பேரும் அந்த வழியாகத்தான் போவார்கள். யாரும் எதுவும் சொன்னதில்லை. ஆனால் நான் அந்த வழியை விட்டுத் தேயிலைக்குள் புகுந்து சுற்றிப் போவேன்.

ஒரு நாள் காலையில் கொடியில் போர்வை இல்லை. பதறிப்போய்த் தேடினேன். சமையற்கூட அடுப்புச் சுவருக்குப் பின்புறம் ஒரு விறகுக் கொட்டகை இருந்தது. சுவர் எப்போதும் சூடாக இருக்கும். அந்தச் சுவரோரம் இரண்டு விறகுக் கட்டைகளுக்கு நடுவே குச்சி கட்டி, என் போர்வையை விரித்துவைத்திருந்தார் அந்த அம்மா. பாதி காய்ந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் "போலே" என்றார். உள்ளே போய் ஒரு சுட்ட சோளத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அன்று முதல் அம்மா அலசிய போர்வை நேராக விறகுக் கொட்டகைக்குப் போனது. அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசி முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. இருவருக்கும் பொதுவான மொழியே கிடையாது. போர்வையில் விறகுப் புகை வாசம் ஏறியது. அந்த வாசம் எனக்குப் பிடித்திருந்தது.

இனி கடிதத்துக்கு வருகிறேன்.

மாதம் ஒரு முறை அப்பா ஊருக்கு ஜெபக் கடிதம் எழுதுவார். கையால் தமிழில் எழுதி, மையத்தின் அலுவலகத்தில் நாற்பது பிரதி எடுப்பார். ஆயருக்கு ஒன்று, சபையில் ஜெபிக்க ஒப்புக்கொண்ட குடும்பங்களுக்கு ஒவ்வொன்று. ஆயருக்குப் போவதை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசித்து, பிறகு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் போடுவது என் வேலை. தம்பி நாக்கால் தபால்தலையை நனைத்து ஒட்டுவான். சனிக்கிழமை மத்தியானம் நூலக மேஜையில் உட்கார்ந்து செய்வோம். எனக்கு அந்த வேலை மிகவும் பிடிக்கும். ஓரம் சரியாக வந்தால் அப்பா, "கணக்கு வாத்தியார் பொண்ணுன்னா இப்படித்தான் இருக்கணும்" என்பார்.

இரண்டு மாதம் படிக்காமலே மடித்தேன். மூன்றாவது மாதம், தம்பி எச்சில் வற்றிப்போய்த் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், படித்தேன். மேலே ஸ்தோத்திரத்துக்குரிய காரியங்கள். கீழே ஜெபக் குறிப்புகள். முதலாவது நூலகம். இரண்டாவது அம்மாவின் முதுகுவலி. மூன்றாவது தம்பியின் இருமல். நான்காவது: 'எங்கள் மகள் மறுபடியும் படுக்கையை நனைக்கத் தொடங்கியிருக்கிறாள். ஆண்டவர் அவளுக்குப் பூரண விடுதலை தர ஜெபியுங்கள்.' மகள் என்ற சொல்லை அடுத்து என் முழுப் பெயர். பெயருக்குக் கீழே கோடு. முக்கியமானதற்குக் கோடு போடுவது வாத்தியார் பழக்கம்.

அறிவிப்புப் பலகை எனக்கு அப்படியே கண்முன் வந்தது. பொன்மலையில் எங்கள் சபைக் கோவில் வாசலில் செருப்பு விடும் இடத்துக்கு மேலே இருக்கும். ஞாயிறு பள்ளியில் என்னோடு படிக்கும் எல்லோரும் அங்கேதான் செருப்பு போடுவார்கள்.

அப்பாவின் பிரஷ்ஷும் மைப் புட்டியும் பக்கத்திலேயே இருந்தன. நாற்பது கடிதங்களிலும் நான்காவது குறிப்பின் மேல் கறுப்பு மை பூசினேன். அவசரமே படவில்லை. ஒரு எழுத்தின் கொம்புகூட வெளியே தெரியாதபடி, ஓரம் பிசகாமல் பூசினேன். திரும்பி வந்த தம்பி, "எனக்கும் பிரஷ் குடு" என்றான். மூன்றாவது குறிப்பை, அவன் இருமலை, அவனும் இரண்டு தாளில் அழித்தான்.

மை காய்வதற்குள் அப்பா வந்துவிட்டார். அம்மாவும் சமையற்கூடத்திலிருந்து எங்களைத் தேடி வந்தாள்.

"என்னது இது?"

"மை."

"யார் பூசினது?"

"நான்தான்."

"ஏன்?"

"அது என்னோடது."

அப்பா ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் முன்னால் முழங்கால் போட்டு, என் உயரத்துக்கு வந்து, "உனக்காக அங்க நாற்பது குடும்பம் முழங்கால்ல நிக்கப் போகுது. அது எவ்வளவு பெரிய பாக்கியம் தெரியுமா கண்ணு?" என்றார்.

"நிக்க வேணாம்னு சொல்லுங்க."

அம்மா சொன்னாள்: "விடுங்களேன். அந்த ஒரு வரி இல்லாம அனுப்புங்க. என் முதுகுவலிக்கு வேணா ரெண்டு தடவை ஜெபிக்கட்டும்."

"நமக்குள்ள மறைக்க என்ன இருக்கு? சபைன்னா ஒரே சரீரம்."

"சரீரத்துக்கும் துணி போட்டுத்தானே இருக்கோம்" என்றாள் அம்மா. 

அடுத்த சனிக்கிழமை கடிதம் புதிதாக வந்தது. நான்காவது குறிப்பு அப்படியே இருந்தது. ஐந்தாவது ஒன்று சேர்ந்திருந்தது: 'அவளுடைய பிடிவாத குணத்துக்காகவும் ஜெபியுங்கள்.' அந்த முறை அப்பாவே மடித்தார், அப்பாவே ஒட்டினார். ஓரங்கள் கோணலாக இருந்தன.

இந்தத் தவறை நம் ஆட்கள் மட்டும்தான் செய்வார்கள். மற்ற வீடுகளில் பிள்ளையின் குறையை மறைப்பார்கள், அல்லது திட்டுவார்கள். நாம் அதை அன்போடு, எண் போட்டு, நாற்பது வீட்டுக்கு அனுப்புவோம். அப்பா கெட்டவராக இருந்தால் நான் இதை என்றோ மறந்திருப்பேன். அவர் ஒவ்வொரு நாளும் எனக்காக அழுது ஜெபித்தவர். மாணவர்கள் இல்லாத ஊரில், புத்தகத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு அந்தக் கடிதம் ஒன்றுதான் பேசக் கிடைத்த வகுப்பறை. இப்போது அது எனக்குப் புரிகிறது. புரிகிறது என்பதற்காகச் சரி என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த சில வாரங்களில் படுக்கை நனைவது நின்றது. 'ஜெபம் கேட்கப்பட்டது' என்று அடுத்த கடிதத்தில் வந்தது. கேட்கப்பட்டிருக்கலாம். நான் ஜெபத்தை நம்புகிறவள். இன்றும் முழங்கால் போடாமல் என் நாள் தொடங்காது. ஆனால் அந்தப் பதில் எந்த வழியாக வந்தது என்று என்னைக் கேட்டால், விறகுக் கொட்டகை வழியாக வந்தது என்பேன். அந்த அம்மாவும் எனக்காக ஜெபித்திருப்பார். என்னிடம்கூடச் சொன்னதில்லை.

ஒரு வருடம் முடிந்து புறப்பட்ட அன்று ஒரே பரபரப்பு. விமானத்தில் ஏறிய பிறகுதான் போர்வை நினைவு வந்தது. பெட்டியில் வைக்கத் துவைத்துக் காயப் போட்ட அது அந்தச் சூடான சுவரோரமே தங்கிவிட்டது.

பொன்மலையில் எங்களை வரவேற்ற ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து செருப்பு போடக் குனிந்தேன். பாடகர் குழுவில் பாடும் ஓர் ஆன்ட்டி என் தலையில் கை வைத்தார். சுற்றிலும் என் வயதுப் பிள்ளைகள்.

"கண்ணு, இப்ப படுக்கை நனையறது இல்லையே? ஒரு நாள் விடாம உனக்காக ஜெபிச்சோம்டா."

"இல்லை ஆன்ட்டி."

"பிடிவாதம்?"

யோசித்துப் பார்த்தால் அவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். எனக்கு அன்று அது தோன்றவில்லை. "அது இருக்கு ஆன்ட்டி. உங்க வீட்டு அங்கிள் பிரசங்கத்துல குறட்டை விடறாங்களே, அதுக்கு நான் ஜெபிக்கட்டுமா? போர்டுல போடச் சொல்லவா?" என்று கேட்டேன்.

 பின்னால் யாரோ 'க்ளுக்' என்று சிரித்தார்கள். அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்க வைத்தார். கேட்டேன். சிரித்தது யார் என்று திரும்பிப் பார்த்தேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, இருமுவதுபோல நடித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளியில் ஒரு தோழி இருந்தாள். ஸ்ரீரங்கத்துப் பெண், ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வருவாள். "ஆப்பிரிக்கால சிங்கம் பாத்தியாடி?" என்பதுதான் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. "பாத்தேன்" என்றேன். பார்க்கவில்லை. "கிட்டக்கவா?" "இதோ, இந்த பெஞ்சுலேர்ந்து போர்டு வரைக்கும்." அவள் வாயைப் பிளந்தாள். திருச்சியில் எங்கள் சபைக்கு வெளியே, என் ஜெபக் குறிப்பைப் படிக்காத முதல் ஆள் அவள். அவள் முன்னால் நான் சிங்கம் பார்த்தவள், அவ்வளவுதான். கல்யாணமான பிறகு பொன்மலையில் வீடு பார்க்காமல் ஏன் ஸ்ரீரங்கத்தில் பார்த்தாய், உங்களுக்கு அங்கே என்ன வேலை என்று சபையில் இன்றும் கேட்கிறார்கள். பால்கனியிலிருந்து பார்த்தால் ராஜகோபுரம் தெரிகிறது, காற்று நன்றாக வருகிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையான காரணம் அந்தச் சிங்கம்.

இதுவரை அப்பாவின் தவறு. என்னுடையதையும் சொல்ல வேண்டும்.

போன வருடம் என் மகளுக்கு ஒரு சங்கடம் வந்தது. என்ன என்று இங்கே எழுத மாட்டேன். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் எதற்கும் பயப்படுகிறவள். பிள்ளை தும்மினால் கூகுளில் தேடுகிறவள். ஒரு காலை, அவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சபைப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டேன். அவள் பெயர், அவள் சங்கடம், 'தயவுசெய்து ஜெபியுங்கள்', கூப்பிய கைகளின் படம் இரண்டு. எழுதி அனுப்பியதும் எனக்கு மனசு லேசானது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஞாயிறு பள்ளி டீச்சர் அவளைத் தனியே கூப்பிட்டு ஆறுதல் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றாமல் நின்றாள்.

"ஏம்மா சொன்ன?"

"ஜெபிக்கத்தான்டா..."

"நீ ஜெபிச்சா பத்தாதா?"

 அழித்துவிடலாம் என்று போனை எடுத்தேன். பதினெட்டுப் பேர் ஏற்கெனவே 'ஆமென்' போட்டிருந்தார்கள். இந்த முறை பூசுவதற்கு என்னிடம் மை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் சாப்பிட வந்தார்கள். விண்ணப்பத்தைப் பார்த்து அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேத்தியை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, "உங்கம்மாவ இதே வயசுல கேட்டேன். டக்குனு..." என்று கையைத் தூக்கினார்.

"அப்பா, நிஜமாவே நான் தூக்கினேனா?"

"தூக்கினியே! எல்லாரும்தான் தூக்கினீங்க."

பருப்பு பரிமாறிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "டிக்கெட் வந்த பிறகுதானேங்க கேட்டீங்க" என்றாள்.

அப்பா கை அப்படியே நின்றது. "என்ன?"

"டிக்கெட் உங்க சட்டைப் பையில இருந்துச்சு. என்னையும் அப்பதான் கேட்டீங்க, பிள்ளைங்களோட சேத்து. ஒரு கையில குழம்புக் கரண்டி. இன்னொரு கையத் தூக்கினேன்."

"அப்ப நீ ஒண்ணும் சொல்லலையே."

"கையத் தூக்கச் சொன்னீங்க. தூக்கினேன். சொல்லச் சொல்லலையே."

இருபத்தைந்து வருடம் நான் என் கையையே தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பாயில் அம்மாவின் கையும் மேலே போனது என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்பா பேத்தியை மடியிலிருந்து இறக்கிவிட்டார். "நான் உங்களைக் கூட்டிட்டுப் போனது தப்புங்கறியா?" என்று என்னைக் கேட்டார்.

"போனது தப்பு இல்லைப்பா. நாலாவது குறிப்பு தப்பு. அஞ்சாவது அதைவிடத் தப்பு."

அவர் மோர் சாதம் சாப்பிடாமல் எழுந்து கை கழுவினார்.  எழுபத்திரண்டு வயது மனிதரிடம் இப்படிச் சொல்லியிருக்க வேண்டுமா? சாயங்காலம் அவரே போன் செய்தார்.

"அந்த நாலாம் பக்கத்த வெறுமனே விட்டா அவங்க என்ன நினைப்பாங்க?"

"வெறுமனே இருக்குன்னு நினைப்பாங்க."

 பிறகு, "ஓரம் மட்டும் நல்லாப் பூசியிருந்த" என்றார். போனை வைத்துவிட்டார்.

என் கணவரிடம் சொல்லிவிட்டேன். நாம் போனாலும் அங்கிருந்து வரும் எந்தக் கடிதத்திலும் அவள் பெயர் வராது. படத்தில் நிற்பதும் நிற்காததும் அவள் விருப்பம். நான்காம் பக்கத்தில் ஒரு எழுத்தும் எழுத மாட்டேன். நல்ல மனிதர், கொஞ்சம் தயங்கினார், ஒப்புக்கொண்டார். பிறகு, "அப்ப அவகிட்ட நீயே கேளு" என்றார்.

திங்கட்கிழமை காலையில் தலை பின்னும்போது கேட்டேன். மலையைச் சொன்னேன், புகை வரும் வாயைச் சொன்னேன், சைக்கிளைச் சொன்னேன். சிங்கம் இல்லை என்பதையும் சொன்னேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"நான் வேண்டாம்னு சொன்னா நிஜமாவே போக மாட்டோமா?"

சீப்பு என் கையில் நின்றுவிட்டது. டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. ஆனால் அவருடைய விடுப்பு வந்துவிட்டது. அவருக்குப் பதில் பாடம் எடுக்க ஆள் போட்டாயிற்று. ஆயருக்குச் சொல்லியாயிற்று. இன்னொன்றும் உண்டு. எனக்கே போக ஆசை. அந்த விறகுக் கொட்டகைச் சுவர் இன்னும் சூடாக இருக்கிறதா என்று ஒரு முறை தொட்டுப் பார்க்க வேண்டும். இத்தனையையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நானும் கேட்டிருக்கிறேன்.

"யோசிச்சு சொல்றேன்" என்றாள் அவள். "அதுவரைக்கும் என் பேரைப் போட்டு யார்கிட்டயும் சொல்லாத."

விண்ணப்பம் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் போக வேண்டும். அதனால் உங்களைக் கேட்கிறேன். உங்களில் சிலரையும் சின்ன வயதில் இப்படிக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். உங்களை யாராவது கேட்டார்களா? வேண்டாம் என்று யாராவது சொன்னீர்களா, சொன்ன பிறகு என்ன நடந்தது? ஒன்பது வயதுப் பிள்ளையின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்காக ஒரு வீடு முழுக்கப் பெட்டியைப் பிரித்து வைக்கலாமா? அவள் வேண்டாம் என்றால், போக மாட்டோம் என்று சொல்லும் தைரியத்தை எங்கிருந்து எடுப்பது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஜெபிக்கிறவர்கள் ஜெபியுங்கள். என் பெயர் தெரிந்தவர்கள் அதைச் சொல்லியே ஜெபியுங்கள், என் பிடிவாதத்துக்காக. அவள் பெயரை நான் இங்கே எங்கேயும் எழுதவில்லை.